பூத்தியா தீபகற்பம்: வட காந்த முனை இன்னும் அங்கேதான் இருக்கிறதா?

இல்லை. பூத்தியா வட கனடாவில் உள்ள தீபகற்பம். அதன் மர்ச்சிசன் முனைதான் வட அமெரிக்கப் பெருநிலத்தின் வட எல்லை. அதற்கு அப்பால் சுமார் 2 கிமீ அகலமே உள்ள பெல்லோ நீரிணை. 1852இல் அது கண்டறியப்படும்வரை அங்கே நிலம் முடிகிறதென்றே ஐரோப்பியருக்குத் தெரியாது.

பிரிட்டிஷ் கடலோடி ஜான் ராஸின் ஆர்க்டிக் பயணத்துக்குப் பணம் கொடுத்தவர் ஜின் வியாபாரி ஃபெலிக்ஸ் பூத். பெயர் வந்தது அப்படித்தான்! கப்பல் பனியில் சிக்கிக்கொள்ள, ராஸின் அண்ணன் மகன் ஜேம்ஸ் ராஸ் சறுக்குவண்டியில் மேற்குக் கரைக்குப் போனார். 1831 ஜூன் 1 அன்று அவருடைய சாய்வு ஊசி (மேல்கீழாகச் சாயும் காந்த முள்) 89 பாகை 59 கலை (60 கலை ஒரு பாகை) காட்டியது, ஏறக்குறைய கொத்தனாரின் தூக்குக்குண்டுபோல நேர் கீழே. காந்தப் புலம் செங்குத்தாக இறங்கும் அத்தகைய இடமே காந்த முனை. சாதாரணத் திசைகாட்டிக்கு அங்கே வேலையில்லை: பக்கவாட்டு இழுப்பு இல்லாததால் முள் தறிகெட்டு அலையும்.

புலத்தை உண்டாக்குவது பூமிக்குள் ஓடும் உருகிய இரும்பு. கொதிக்கிற கஞ்சியில் குமிழ் எழும் இடம் மாறுவதுபோல, ஓட்டம் மாறினால் முனையும் நகரும். 1904இல் நார்வே நாட்டுப் பயணி அமுன்ட்சென் அளந்தபோதே அது இடம்மாறியிருந்தது. இப்போது ஆர்க்டிக் கடலில் இருக்கிறது.

பலர் குழப்பிக்கொள்ளும் புவியியல் வட துருவம் வேறு. ராஸ் நின்ற இடத்திலிருந்து அது 2,000 கிமீக்கும் மேல் வடக்கே.