பள்ளி விட்டதும் பிள்ளை யார் பொறுப்பு?

கேள்வி: மேடம், பள்ளி முடிந்தபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மையம் ஒன்றில் பொறுப்பாளராகச் சேர்ந்திருக்கிறேன். 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள். சீக்கிரமே ஆய்வுக்கு வருவார்கள் என்று சொல்லி, ஒரு அலமாரி நிறைய ஃபைல்களை என்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள். எதை முதலில் சரிசெய்வது?

பதில்: ஃபைல்கள் இரண்டு நாள் காத்திருக்கட்டும். முதலில் பள்ளி மணி அடிக்கும் நேரத்துக்கு வாசலில் போய் நில்லுங்கள். ஆசிரியர் கையை விட்டுப் பிள்ளை எப்போது போகிறது, உங்கள் பணியாளர் கைக்கு எப்போது வருகிறது என்று கவனியுங்கள். நடுவில் யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் பிள்ளை நிற்கிற சில நிமிடங்கள் இருக்கும். இந்த வேலையில் என்னை அதிகம் பயமுறுத்துவது அந்த நிமிடங்கள்தான்.

ஆய்வுக்குப் போகும் இடங்களில் நான் முதலில் வாங்கிப் பார்ப்பது வருகைப் பதிவேட்டை. அதைக் கையில் வைத்துக்கொண்டே அறையில் தலைகளை எண்ணுவேன். இரண்டும் ஒத்துப்போகாத இடங்கள் நிறைய. ஒரு பிள்ளை கழிப்பறையில் இருக்கும், சரி. ஆனால் அன்றைக்குப் பள்ளிக்கே வராத பிள்ளைக்கு, தினமும் வருகிற பிள்ளைதானே என்று டிக் போட்டிருப்பார்கள். அப்படி டிக் விழுந்த பிள்ளை வழியில் எங்காவது நின்றுவிட்டால் யாரும் தேடமாட்டார்கள். பதிவேட்டின்படி அது மையத்துக்குள் பத்திரமாக இருக்கிறது!

கைக்குழந்தை தானாக எங்கும் போகாது. எட்டு வயதுப் பிள்ளை தானே நடக்கும், தண்ணீர் குடிக்கப் போகும், நண்பன் வீட்டுக்கும் கிளம்பிவிடும். அதனால் காணோம் என்பதே தாமதமாகத்தான் தெரியவரும். இடம் மாறும் ஒவ்வொரு முறையும் பெயரைச் சொல்லி, முகத்தைப் பார்த்து டிக் போடச் சொல்லுங்கள். வெறும் எண்ணிக்கை போதாது. அன்று யார் யார் விடுப்பு என்ற பட்டியலை மணி அடிப்பதற்கு முன்பே பள்ளியிடமிருந்து வாங்கிவிடுங்கள். வரவேண்டிய பிள்ளை வரவில்லையா? அப்போதே பள்ளிக்கு ஒரு போன், அடுத்து பெற்றோருக்கு. ‘வந்துடும், பார்க்கலாம்’ என்ற பேச்சே கூடாது.

வண்டியில் அழைத்து வந்தால், எல்லோரும் இறங்கியபின் ஒருவர் கடைசி இருக்கை வரை நடந்து போய், இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்க்க வேண்டும். களைத்த பிள்ளை தூங்கிவிடும். வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். பெரியவர்களைவிட வேகமாகப் பிள்ளைகள் உடம்பு சூடாகும். வீட்டுக்கு அனுப்பும்போதும் இதே கண்டிப்பு வேண்டும். பெற்றோர் எழுதிக் கொடுத்த பெயர்ப் பட்டியலில் இல்லாதவரிடம், பிள்ளையே ‘மாமா’ என்று ஓடினாலும் ஒப்படைக்காதீர்கள்.

வாசலைச் சரிசெய்த பிறகு அலமாரியைத் திறங்கள். எந்த ஃபைல் எதற்கு என்பது அதற்குள் உங்களுக்கே பாதி புரிந்திருக்கும்.

கேள்வி: என் மகனுக்கு நிலக்கடலை ஆகாது. டாக்டர் அட்ரினலின் ஊசிப் பேனா (கடுமையான அலர்ஜி வந்தால் உடனே போட வேண்டிய, பேனா வடிவ ஊசி) எழுதிக் கொடுத்திருக்கிறார். மருந்துகளை அலமாரியில் பூட்டி, சாவியை மேனேஜர் வைத்திருப்பதுதான் விதி என்கிறது மையம். எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் அதிகமாகப் பயப்படுகிறேனா?

பதில்: இல்லம்மா, உங்கள் பயம் நியாயமானது. காய்ச்சல் மருந்து, ஆன்டிபயாடிக் எல்லாம் பூட்டில் இருக்கட்டும். ஊசிப் பேனாவும் ஆஸ்துமா இன்ஹேலரும் அப்படியல்ல. பிள்ளைகள் கைக்கு எட்டாமல், ஆனால் பூட்டாமல், பணியாளர் ஓடிப்போய் எடுக்கிற இடத்தில் இருக்க வேண்டும். உங்கள் மகன் மைதானத்துக்குப் போனால் பேனாவும் கூடவே போக வேண்டும்.

மேனேஜரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘நீங்கள் லீவில் இருக்கும் நாளில் யார் போடுவார்கள்?’ பெயர் சொல்லத் தயங்கினால், ஊசியும் மருந்தும் இல்லாத பயிற்சிப் பேனாவை வைத்து எல்லாப் பணியாளர்களும் பழகியாக வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். தொடையின் வெளிப்பக்கம், நடுப்பகுதியில், உடுப்பின் மேலேயே குத்தலாம். உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். பிள்ளையைப் படுக்க வைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம். எழுப்பி நடக்க விடக் கூடாது. 5 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இரண்டாவது ஊசி தேவைப்படலாம், அதனால் இரண்டு பேனா கொடுத்து வையுங்கள். அலர்ஜி மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்து. பேனாவை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. காலாவதித் தேதியை உங்கள் போனிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: சானிடைசர் தடவினால் கையில் ஒட்டிய நிலக்கடலைப் புரதம் போகாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். சிற்றுண்டிக்கு முன்னும் பின்னும் எல்லாப் பிள்ளைகளும் கை கழுவுகிறார்களா என்று ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: தீ விபத்து ஒத்திகை எப்போது வைப்பது நல்லது?

பதில்: எத்தனை முறை என்பதை உங்கள் இடத்துச் சட்டம் சொல்லும், அதைவிடக் குறைக்காதீர்கள். நேரத்தை மட்டும் மாற்றி மாற்றி வையுங்கள். பெற்றோர் வந்து அழைத்துப் போகிற பரபரப்பான நேரத்தில் ஒருமுறை, பெரிய வாசலை அடைத்துவைத்து ஒருமுறை. வெளியே ஓடும்போது வருகைப் பதிவேடு யார் கையில் இருந்தது என்று பாருங்கள். மேசையிலேயே கிடந்தால் அந்த ஒத்திகை தோல்விதான்.

கேள்வி: சின்னச் சின்ன அடிக்கெல்லாம் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்கிறார்கள். முழங்கால் சிராய்ப்புக்குமா?

பதில்: ஆமாம், சிராய்ப்புக்கும் எழுதுங்கள். அதே நாளில், பார்த்தவர் கையால். நேரம், இடம், என்ன செய்துகொண்டிருந்தான், என்ன முதலுதவி, பெற்றோருக்கு யார் சொன்னார்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து அந்தப் பக்கங்களைத் தொடர்ச்சியாகப் படியுங்கள். ஒரு மையத்தில் அப்படிப் படித்தபோது, விழுந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரே படிக்கட்டுத் திருப்பத்தில், பணியாளர்கள் ஷிஃப்ட் மாறும் அதே அரை மணி நேரத்தில் விழுந்திருந்தார்கள். ஷிஃப்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள், கைப்பிடி போட்டார்கள்.

தலையில் அடி என்றால் எழுதுவதோடு விடாதீர்கள். பிள்ளை சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகும்; வாந்தி, அதிகமாகும் தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம் எல்லாம் பல மணி நேரம் கழித்துக்கூட வரலாம். அதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதை, பிள்ளையை அழைத்துப்போக வருகிறவரிடம் வாயால் சொல்லி, எழுதியும் கொடுங்கள். வந்தவர் அம்மா அப்பா இல்லையென்றால் அவர்களுக்குத் தனியாக ஒரு போன் போடுங்கள்.