பயத்தைப் போனில் சொன்னால் தீருமா?

கேள்வி: எனக்கு 43 வயது. பாலக்கோடு பக்கம் கிராமம். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்து, பெங்களூரில் கீமோ ஏற்றிக்கொள்கிறேன். இரவெல்லாம் தூக்கமில்லை, கண்ட கண்ட நினைப்பு வருகிறது. வீட்டில் எல்லாரும் "தைரியமாக இரு" என்கிறார்கள். வீடியோ காலில் மனநல ஆலோசகரிடம் பேசலாம் என்று நர்ஸ் சொன்னார். முன்பின் தெரியாதவரிடம் பேசி என்ன ஆகப்போகிறது? மாமியார் காதில் விழுந்தால் என்ன நினைப்பார்?
— வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

தயங்காமல் பேசுங்கள். முன்பின் தெரியாதவர் என்பதுதான் இதில் உங்களுக்கு வசதி. கணவரிடம் "செத்துவிடுவேனோ" என்று சொன்னால் அவர் முகம் வாடும். அதைப் பார்த்து நீங்கள் வாயை மூடிக்கொள்வீர்கள். ஆலோசகரிடம் அந்தக் கவலை இல்லை. அழுதால் நோய் கூடிவிடும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

கீமோ முடிந்து குமட்டலோடு பஸ்ஸில் ஊர் திரும்புகிறவரை, மனதைப் பார்க்க இன்னொரு முறை பெங்களூருக்கு வா என்பது நியாயமே இல்லை. மருத்துவம் வீடு தேடி வருவது நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது.

முதல் முறை பேசும்போது, மனச்சுமைக்கு 0 முதல் 10 வரை எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்கக்கூடும். 4 அல்லது அதற்கு மேல் என்றால் கூடுதல் கவனிப்பு தேவை என்று எடுத்துக்கொள்வார்கள். வீட்டாருக்காகக் குறைத்துச் சொல்லிப் பழகியிருப்பீர்கள். இங்கே உள்ளதைச் சொல்லுங்கள். தூக்கமின்மையை ஆலோசகரிடம் மட்டுமல்ல, கீமோ மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். கீமோவோடு தரும் ஸ்டீராய்டு மருந்தே தூக்கத்தைக் கெடுக்கும். மாத்திரை என்றால், அதைக் காலையில் போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.

மாமியார் பால் சொசைட்டிக்குப் போகும் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். இயர்போன் மாட்டிக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்தால் போதும். சிக்னல் விட்டு விட்டு வந்தால் வீடியோவை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் பேசலாம். யாராவது பக்கத்தில் வந்துவிட்டால், "இப்போது தனியாக இல்லை" என்று சொல்லுங்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி அவர் கேள்வியை மாற்றிக்கொள்வார்.

முதலில், நீங்கள் சிகிச்சை பெறும் மருத்துவமனையிலேயே தமிழில் பேசும் உளவியலாளர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே பயின்றவர்கள் இருக்கிறார்கள். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் அதற்குத் தனித் துறையே உண்டு. அதுவரை காத்திருக்க முடியாத இரவுகளுக்கு, அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே கூப்பிடுங்கள். கீமோவை நிறுத்தச் சொல்லும் 'ஆலோசகர்' எவரானாலும் அந்த நிமிடமே போனை வைத்துவிடுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் ஆலோசகரை அல்ல, நள்ளிரவானாலும் மருத்துவமனையைத்தான் அழைக்க வேண்டும்.

உங்கள் கணவரும் பயந்துபோய்த்தான் "தைரியமாக இரு" என்கிறார் என்று நினைக்கிறேன். 14416-இல் அவரும் பேசலாம். எண்ணை அவர் போனிலும் பதிந்து கொடுங்கள்.