காயம் பட்டால் உடனே சிவந்து வீங்குகிறது, எனக்கு எதிர்ப்புச் சக்தி குறைவா?

குறைவு என்று நினைத்துப் பயந்து, சக்தியைக் கூட்ட எதையாவது வாங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் ஆறு வருடமாக என் எதிர்ப்புச் சக்தியை மாத்திரை போட்டு அடக்கி வைத்திருப்பவன்.

என் அக்காவின் சிறுநீரகம் ஒன்று எனக்குள் இருக்கிறது. கூடப் பிறந்தவள் கொடுத்தது என்பதெல்லாம் உடம்புக்குத் தெரியாது. டி செல்கள் என்ற எதிர்ப்புச் சக்தி வெள்ளை அணுக்கள், மற்ற செல்களின் மேல் இருக்கும் அடையாளத்தைத்தான் பார்க்கும். அந்நியம் என்று பட்டால் அழிக்கப் பார்க்கும். 1954இல் பாஸ்டனில் ஜோசப் மரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நிலைத்ததற்குக் காரணம், கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே கருவில் உருவான இரட்டையர் என்பதுதான். எனக்கு அப்படி இல்லை. அதனால் டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், பிரெட்னிசோலோன் மூன்றும் தினமும் உண்டு.

இரண்டாம் வருடம் கால் கட்டைவிரலில் ஒரு கீறல். சிவக்கவில்லை, வீங்கவில்லை, சீழ் வைக்கவில்லை. நன்றாக ஆறுகிறது என்றே இருந்துவிட்டேன். ஐந்தாம் நாள் வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் விரலை அழுத்திப் பார்த்துவிட்டு, வீட்டுக்கே அனுப்பவில்லை. கிருமி உள்ளே பரவியிருந்தது. பதினொரு நாள் ஊசி வழியாக ஆன்டிபயாடிக் ஏறியது. விரல் பிழைத்தது.

அங்கே படுத்திருந்தபோதுதான் டாக்டர் விளக்கினார். அந்தச் சிவப்பும் சூடும் வீக்கமும் பெரும்பாலும் நம் உடம்பே செய்கிற வேலை. தோலுக்கு அடியில் காவலுக்கு இருக்கும் மேக்ரோஃபேஜ்கள் கிருமியைக் கண்டதும் ரசாயன சமிக்ஞை விடும். ரத்தக்குழாய் விரியும், அதனால் சிவப்பு. நீர் கசியும், அதனால் வீக்கம். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் குழாய்ச் சுவரின் இடுக்கில் நுழைந்து வெளியே வந்து கிருமியை விழுங்கும். சீழில் பெரும்பகுதி, அப்படிச் சண்டையிட்டுச் செத்த அணுக்கள்தான். என் விரலில் இது எதுவும் சரியாக நடக்கவில்லை.

சீழ் வைத்தால் நல்லது என்று சொல்கிறான் என யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். காயம் பட்ட இடம் மட்டும் லேசாக வீங்கி நாலைந்து நாளில் வடிகிறது என்றால், அதை வைத்துச் சக்தி குறைவு என்று சொல்ல முடியாது.

அப்புறம் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். மாஸ்க் போட்டிருக்கும் என்னைப் பார்த்து "இன்னுமா?" என்று கேட்டுக்கொண்டே இருமியபடி பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள். உங்களுக்கு இரண்டு நாள் சளி, எனக்கு அது வார்டு. போன மாதம் ஒரு உறவினரைத் தள்ளி உட்காரச் சொன்னேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.