கல்லான ரொட்டி, பூத்த ரொட்டி: கேள்வியும் பதிலும்

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் முப்பது வருடம் பேக்கரி நடத்தினேன். இப்போது கடை மகன் கையில். மாவில் கை வைப்பதை விட்டாயிற்று. ஆனால் "நேற்று வாங்கின ரொட்டி கல்லாப் போச்சு, என்ன செய்ய?" என்று கேட்பவர்கள் விடவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் இது இன்னும் கூடும். வந்ததில் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன். ரொட்டி என்று நான் சொல்வது பேக்கரி பிரெட்டை. எங்கள் கடைக்கு வரும் பெரியவர்கள் அப்படித்தான் கேட்பார்கள், எனக்கும் அதுவே பழகிவிட்டது.

கேள்வி (தக்கலை): அண்ணாச்சி, ரொட்டி காயக்கூடாது என்று கவரை இறுக்கிக் கட்டி ஃபிரிட்ஜில் வைக்கிறேன். மறுநாள் எடுத்தால் மரக்கட்டை மாதிரி இருக்கிறது. காற்றே புகவில்லை, பிறகு எப்படிக் காய்ந்தது?

பதில்: காயவே இல்லை தங்கச்சி. ஃபிரிட்ஜில் வைத்த சோறு மறுநாள் விறைத்து நிற்குமே, அதே கதைதான் இது. மாவில் இருக்கும் ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து, வேகும்போது தண்ணீரைக் குடித்துக் குழைகிறது. ஆறிய பிறகு மெல்ல மெல்ல அடுக்குக் கட்டி இறுகுகிறது. குடித்த தண்ணீர் பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கும், ஆனால் பல்லுக்கும் நாக்குக்கும் அது தெரியாது. பூசங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1852லேயே இதைச் சோதித்துக் காட்டிவிட்டார். ஈரம் வெளியே போகாமல் அடைத்து வைத்த ரொட்டியும் கல்லாகிறது, மறுபடி சூடாக்கினால் இளகுகிறது என்று.

இந்த இறுக்கம் வேகமாக நடப்பது எங்கே தெரியுமா? உறைநிலைக்குச் சற்று மேலே, சரியாக உங்கள் ஃபிரிட்ஜ் இருக்கும் குளிரில். மேசை மேல் இரண்டு மூன்று நாளில் ஆவது உள்ளே ஒரே ராத்திரியில் ஆகிவிடும். ரொட்டிக்கு எமன் ஃபிரிட்ஜின் நடுத்தட்டுதான்.

நல்ல சேதி, இந்த இறுக்கம் 60 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் அவிழ்ந்துவிடும். ரொட்டியின் மேல்தோல் சுட்டால் போதாது, நடுப்பகுதி வரை அந்தச் சூடு போக வேண்டும். மீந்த ரொட்டி பற்றிய சூட்சுமம் முழுக்க இவ்வளவுதான். கீழே சொல்வதெல்லாம் அந்தச் சூட்டை உள்ளே அனுப்பும் வழிகள்.

கேள்வி (மார்த்தாண்டம்): எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. கேஸ் அடுப்பும் தோசைக்கல்லும்தான். பன்னையும் முழு ரொட்டியையும் எப்படிப் பழையபடி ஆக்குவது?

பதில்: ஓவன் இல்லாதது பெரிய குறை இல்லை. முதலில் கையில் இருப்பது எந்த ஜாதி என்று பாருங்கள்.

பன், பால் ரொட்டி, மெத்தென்ற ஸ்லைஸ் எல்லாவற்றுக்கும் இட்லிப் பாத்திரம் போதும். தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்த பிறகுதான் வைக்க வேண்டும். தட்டில் வாழையிலைத் துண்டு போட்டு, அதன்மேல் பன். மூடிக்கு ஒரு துணியைக் கட்டிவிடுங்கள். இதை மறந்தால் மூடியில் கோத்த தண்ணீர் சொட்டி, பன் மேலே பசையாகிவிடும். ஸ்லைஸுக்கு ஒரு நிமிடம், பன்னுக்கு இரண்டு, பெரிய பன்னுக்கு மூன்று. அதற்கு மேல் விட்டால் கொழுக்கட்டைதான். எடுத்ததும் அரை நிமிடம் ஆறவிட்டுக் கடித்துப் பாருங்கள், அன்று காலையில் வாங்கியது போல இருக்கும். வாழையிலை வாசனை கொஞ்சம் ஏறும். எனக்கு அது பிடிக்கும், வேண்டாம் என்பவர்கள் துணி விரித்துக்கொள்ளலாம்.

மேல்தோல் மொறுமொறுவென்று இருக்க வேண்டிய முழு ரொட்டிக்கு ஆவி ஆகாது. அடி கனமான பழைய அலுமினியப் பாத்திரத்தில் அரை அங்குலம் உப்பு அல்லது மணல் போட்டு, மேலே ஒரு வளையம் வைத்து மூடி, மிதமான தீயில் பத்து நிமிடம் காயவிடுங்கள். வீட்டில் கேக் வேகவைக்கிறவர்களுக்கு இந்த வித்தை தெரியும். ரொட்டியின் மேல்தோலில் மட்டும் ஈரக் கையால் தடவி, தட்டில் வைத்து உள்ளே இறக்குங்கள். வெட்டிய பக்கத்தில் தண்ணீர் படக்கூடாது. சின்ன ரொட்டிக்கு எட்டு நிமிடம், பெரியதற்குப் பன்னிரண்டு. தடவின ஈரம் ஆவியாகி உள்ளே போகும், தோல் பிறகு தானாகக் காய்ந்து மொறுக்கும். ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன் வைத்திருப்பவர்களும் இதையே 180 டிகிரியில் செய்யலாம்.

தோசைக்கல் ஸ்லைஸுக்கு மட்டும். தீயைக் குறைத்து, வெண்ணெயோ நெய்யோ தடவி, மூடி போட்டு ஒரு நிமிடம். பிறகு மூடியை எடுத்துத் திருப்பிப் போட்டுச் சிவக்கவிடுங்கள். தீயைக் கூட்டினால் வெளியே கருகும், உள்ளே கட்டை அப்படியே இருக்கும். காலை அவசரத்தில் எல்லோரும் செய்கிற தப்பு இது.

கேள்வி (நாகர்கோவில், தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் தம்பி): மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்தேன் அண்ணே. எடுத்தபோது பஞ்சு, டீ போட்டு வருவதற்குள் செருப்புத் தோல்.

பதில்: ஒரு நிமிடமா! மைக்ரோவேவ் ரொட்டிக்குள் இருக்கும் தண்ணீரையே கொதிக்க வைத்து வெளியேற்றுகிறது. ஈரமும் போய், ஸ்டார்ச்சும் மறுபடி இறுகினால் செருப்புத் தோல்தான் மிஞ்சும். ஈரத் துணியைப் பிழிந்து ரொட்டியைச் சுற்றி, பத்து விநாடி வையுங்கள். போதாவிட்டால் இன்னும் ஐந்து. டீயை முதலில் போட்டுவிடுங்கள், ரொட்டி கடைசியில்.

கேள்வி (தூத்தூர்): நாங்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். எடுத்துப்போகும் ரொட்டி நாலாம் நாளே பூசணம் பூத்துவிடுகிறது. ஐஸ் அறையில் வைக்கலாமா? ஃபிரிட்ஜ் ஆகாது என்கிறீர்களே?

பதில்: மேலே சொன்னதை நானே கொஞ்சம் மாற்றிச் சொல்ல வைக்கிற கேள்வி. கரையில் இருப்பவர்கள் இரண்டு நாளில் தின்று முடிப்பார்கள், அவர்களுக்கு ஃபிரிட்ஜ் வேண்டாம். உங்கள் கணக்கு வேறு. கடல் ஈரத்தில், வெக்கையில், பூசணம்தான் முதல் எதிரி. ஐஸ் அறையில் ரொட்டி கட்டாயம் கல்லாகும், ஆனால் பூப்பது தள்ளிப்போகும். கல்லான ரொட்டியை அடுப்பில் காட்டித் திருப்பிவிடலாம், பூத்ததைத் திருப்ப வழியே இல்லை. அதனால் தாராளமாக ஐஸ் அறையில் வையுங்கள். மீன் தண்ணீரும் வாடையும் ஏறாதபடி இரண்டு கவரில் கட்டி, மூடி இறுகும் டப்பாவில் போட்டு, ஐஸ் மேல் படாமல் உயரத்தில். வேண்டிய அளவை மட்டும் எடுத்து ஆவியில் காட்டிச் சாப்பிடுங்கள். முதல் வாரத்துக்கு ரொட்டி, அதற்குப் பிறகு ரஸ்க் என்று பிரித்து எடுத்துப்போவதுதான் புத்தி.

கேள்வி (குளச்சல்): பூத்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சுட்டுத் தின்னலாம் என்று எங்கள் மாமியார் சொல்கிறார்கள்.

பதில்: மாமியார் சொல்லைத் தட்டச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ரொட்டி முழுக்க ஓட்டை. பச்சையாகத் தெரிவது பூசணத்தின் தலை மட்டும், இழைகள் அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். சில பூசணங்கள் விடுகிற நஞ்சு சூட்டுக்கு அழியாது. மொத்தமாக எறியுங்கள், மோந்தும் பார்க்காதீர்கள்.

இன்னொன்று உண்டு, பலருக்குத் தெரியாது. வெளியே பார்த்தால் ரொட்டி நன்றாக இருக்கும். பிய்த்தால் உள்ளே பிசுபிசுவென்று சிலந்தி நூல் மாதிரி இழுக்கும், அளவுக்கு மீறிக் கனிந்த பழத்தின் வாடை வரும். இது மாவோடு வரும் ஒரு பாக்டீரியாவின் வேலை. ரொட்டி வேகும்போது நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது, அந்தச் சூட்டில் இதன் வித்துகள் சாகாமல் தப்பிவிடும். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் முளைத்துவிடும். ஒரு வருடம் மழைக்காலத்தில் என் கடையிலேயே வந்துவிட்டது. இரண்டு நாள் போட்ட சரக்கை அப்படியே குழியில் புதைத்தோம். மேசை, தொட்டி, அச்சு எல்லாவற்றையும் வினிகர் விட்டுக் கழுவி, மாவிலும் கொஞ்சம் வினிகர் சேர்த்த பிறகுதான் நின்றது. வீட்டில் இப்படி ஒரு ரொட்டி கண்டால் சூடாக்கிப் பார்க்கும் ஆசையே வேண்டாம். வாங்கின கடையில் போய்ச் சொல்லுங்கள், அவர்களுக்குத்தான் அது அவசரம்.

கேள்வி (குலசேகரம்): எங்கள் ஊரில் மழை பிடித்தால் ரஸ்க் எல்லாம் நமுத்துவிடுகிறது. அதுவும் பழசாவதுதானா?

பதில்: நேர் எதிர். ரொட்டி பழசானால் இறுகும், ரஸ்க் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து இளகும். நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் உண்டு, மலையடிவாரத்தில் கேட்கவே வேண்டாம். இதற்குத் தண்ணீர் தெளிக்கிற வேலையே கிடையாது. வெறும் தோசைக்கல்லை மெல்லிய தீயில் வைத்து, ரஸ்க்கைப் பரப்பி, திருப்பித் திருப்பிப் பத்து நிமிடம். சூடாக இருக்கும்போது மொறுமொறுப்பு தெரியாது, ஆறினால்தான் வரும். நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள். சூட்டோடு அடைத்தால் அதன் ஆவியே அதை நமுக்க வைக்கும்.

கேள்வி (திங்கள்சந்தை): பாக்கெட் ரொட்டி ஐந்து நாள் மெத்தென்று இருக்கிறது, உங்களை மாதிரி உள்ளூர் பேக்கரி ரொட்டி மறுநாளே கட்டை. உங்கள் கைத்திறன் அவ்வளவுதானா?

பதில்: குத்திக் கேட்டாலும் கேள்வி நியாயம். கவரைத் திருப்பிப் பாருங்கள். 471 என்று எண் இருந்தால் அது ஸ்டார்ச் இறுகுவதைத் தாமதப்படுத்துகிற கொழுப்புப் பொருள். 282 இருந்தால் கால்சியம் புரோப்பியனேட், பூசணத்தைத் தடுப்பது. இரண்டும் அனுமதிக்கப்பட்டவைதான், நான் குறை சொல்ல மாட்டேன். எண்ணெயும் சர்க்கரையும் பாலும் கூடினாலும் ரொட்டி அதிக நாள் மெத்தென்று இருக்கும். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் மட்டும் போட்ட ரொட்டி சீக்கிரம் இறுகத்தான் செய்யும். சூடாக்கினால் அழகாகத் திரும்புவதும் அதுதான்.

கேள்வி (வெள்ளமடம்): வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு முழு ரொட்டி வாங்கினால் பாதி வீண்.

பதில்: வாங்கின அன்றே, புதிதாக இருக்கும்போதே, ஃப்ரீசரில் போடுங்கள். ஃபிரிட்ஜில் இல்லை, ஃப்ரீசரில். அங்கே ஸ்டார்ச் இறுகுவது ஏறக்குறைய நின்றுவிடும். ஸ்லைஸ்களை இரண்டிரண்டாகக் கவரில் சுற்றி வைத்தால், காலையில் உறைந்தபடியே கல்லில் போட்டுச் சுடலாம். ஒரு மாதம் தாங்கும். நெடுநேரம் மின்சாரம் போய் உறைந்தது இளகிவிட்டால் அன்றே தின்று தீர்த்துவிடுங்கள்.

கேள்வி (கருங்கல்): ராத்திரி வாங்கின புரோட்டா காலையில் ரப்பர். சால்னாவில் ஊறப்போட்டும் சரிப்படவில்லை.

பதில்: புரோட்டாவும் மைதாதான், நியாயமும் அதுவேதான். கல்லைக் காயவைத்து, புரோட்டா மேல் விரலால் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து மூடுங்கள். இரண்டு பக்கமும் சூடேறியதும் மூன்று நாலை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டுங்கள், கடையில் மாஸ்டர் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அடுக்கு பிரிந்துவிடும். எண்ணெய் சேர்க்காதீர்கள், ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. நன்றாகவே இறுகிவிட்டால் கொத்துப் போடுவதுதான் மரியாதை.

கேள்வி (இரணியல்): ஆப்பம், இடியாப்பம்?

பதில்: இடியாப்பம் ஆவியில் மூன்று நிமிடம், புதுசு மாதிரியே. ஆப்பத்தின் நடுப்பகுதி ஆவியில் திரும்பும், மொறுமொறு ஓரம் திரும்பாது. தேங்காய் சேர்த்ததெல்லாம் வெளியே வைத்தால் ஒரு பொழுதுதான். புளித்த வாடை வந்தால் சூடாக்கி ஏமாற்ற முடியாது.

கேள்வி (கொட்டாரம்): ஒரு தடவை சூடாக்கியதை மறுபடி சூடாக்கலாமா?

பதில்: கேடு ஒன்றும் இல்லை, ருசிதான் இல்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஈரம் போகும், அடுத்த தடவை இன்னும் வேகமாக இறுகும்.

கேள்வி (பார்வதிபுரம்): ஆறி இறுகின ரொட்டி சர்க்கரை நோய்க்கு நல்லது என்கிறார்களே?

பதில்: இறுகின ஸ்டார்ச்சில் ஒரு சிறு பங்கு செரிக்காமல் போவது உண்மைதான். அதை நம்பி இரண்டு ஸ்லைஸை நாலாக்கிவிடாதீர்கள். மைதா மைதாதான். எவ்வளவு தின்னலாம் என்பதை டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி (சுசீந்திரம்): எதற்கும் மசியாத கட்டை ரொட்டி ஒன்று கிடக்கிறது. பூக்கவில்லை. எறிய மனசில்லை.

பதில்: எறிய வேண்டாம். விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, கருப்பட்டி கரைத்த தேங்காய்ப்பாலில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். கட்டையாக இருப்பதுதான் இங்கே வசதி, புது ரொட்டி என்றால் கரைந்து கூழாகும். இரண்டு மட்டி வாழைப்பழத்தை மசித்துச் சேர்த்து, ஒரு முட்டையை அடித்து ஊற்றி, ஏலக்காய் தட்டிப் போட்டு, நெய் தடவிய கிண்ணத்தில் ஊற்றி ஆவியில் இருபது நிமிடம். கத்தி விட்டுப் பார்த்தால் ஒட்டக்கூடாது. முட்டை வேண்டாதவர்கள் இரண்டு கரண்டி அரிசி மாவு. எங்கள் வீட்டில் இதற்காகவே ரொட்டியை ஒளித்து வைக்கிற பேரன் ஒருவன் இருக்கிறான்.