ஃபண்டி விரிகுடாவில் உள்ளான்கள்: கடல் பெருகும் நேரத்தில் போங்கள்

கேள்வி: ஓகஸ்ட் முதல் வார நீண்ட விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ரொறன்ரோவிலிருந்து நியூ பிரன்சுவிக் போகிறோம். ஃபண்டி விரிகுடாவில் கூட்டங்கூட்டமாகச் சிறு பறவைகள் வந்திறங்கும் என்கிறார்கள். போன வருடம் ஹோப்வெல் பாறைகளின் அடியில் நடந்துவிட்டு, அப்படியே கரையில் வெகுநேரம் நின்றோம். சேற்றைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எங்கே, எந்த நேரத்தில் போக வேண்டும்? பிள்ளைகள் கரையில் இறங்கி அவற்றின் கிட்டப் போகலாமா?

பதில்: உங்களுக்குப் பிழைத்தது இடமல்ல, நேரம். ஹோப்வெல் பாறைகளின் அடியில் நடக்க முடிந்தது என்றால் அப்போது கடல் வற்றியிருந்தது. வற்று நேரத்தில் இந்த விரிகுடாவின் மேற்பகுதியில் சேற்றுத்தரை கிலோமீற்றர் கணக்கில் வெளியே தெரியும். நீங்கள் கேட்ட அந்தச் சிறு பறவைகள், அதாவது உள்ளான்கள், அதன் மேல் பரவிச் சிதறி மேய்ந்துகொண்டிருக்கும். ஒரு சாண் நீளம்கூட இல்லாத, சேற்றின் நிறத்திலேயே இருக்கும் பறவையை அவ்வளவு தூரத்தில் யாராலும் பார்க்க முடியாது.

கடல் பெருகும்போது நிலைமை மாறிவிடும். தண்ணீர் சேற்றை மூட மூட, பறவைகள் கரையை நோக்கித் தள்ளப்பட்டு, கடைசியில் மிஞ்சும் ஒடுங்கிய கூழாங்கல் விளிம்பில் தோளோடு தோள் நெருங்கி இளைப்பாற நிற்கும். கற்கள்தான் கிடக்கின்றன என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கரையே ஓரடி நகரும், அவ்வளவும் உயிர். ஆகவே பெருக்கின் உச்சத்துக்கு இரண்டு மணித்தியாலம் முன்பே போய் அமர்ந்துவிடுங்கள். பறவைகள் வந்த பிறகு நீங்கள் போனால் அவை கலையும். நீங்கள் முதலே அசையாமல் இருந்தால் அவை தாமாகவே உங்களருகே வரும்.

நேரம் கணிப்பது கடினமல்ல. ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். இன்று காலை 10 மணிக்கு உச்சம் என்றால் அடுத்தது இரவு 10:25 அளவில், நாளை காலை 10:50 அளவில். கனடிய அரசின் ஓத அட்டவணையில் (பெருக்கு, வற்று நேரங்களின் பட்டியல்) உங்கள் இடத்துக்கு மிக அண்மையிலுள்ள நிலையத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நியூ பிரன்சுவிக்கில் கடிகாரம் ரொறன்ரோவைவிட ஒரு மணித்தியாலம் முன்னே ஓடுகிறது. வீட்டிலிருந்தபடியே திட்டம் போடுகிறவர்கள் பலர் தவறவிடுவது இந்த ஒரு மணித்தியாலத்தைத்தான்.

இடம் என்று கேட்டால் நான் இரண்டைச் சொல்வேன். இரண்டும் ஷெப்பொடி விரிகுடாவில், எதிரெதிர்க் கரைகளில் இருப்பவை. கிழக்குக் கரையில் டோர்செஸ்ரர் ஊருக்கு அப்பால் ஜோன்சன்ஸ் மில்ஸ். கனடா இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அங்கே கோடையில் ஒரு விளக்க நிலையம் நடத்துகிறது. பார்வை மேடையும், கேள்விக்குப் பதில் சொல்லும் இளைஞர்களும் இருப்பதால் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதுவே வசதி. மேற்குக் கரையில் மேரிஸ் பொயின்ற். அங்கே கூட்டம் குறைவு, அமைதி அதிகம். 1982இலேயே ராம்சார் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இடம். எதற்குப் போவது என்பதைச் சூரியனை வைத்து முடிவு செய்யுங்கள். காலைப் பெருக்கென்றால் ஜோன்சன்ஸ் மில்ஸில் வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்; பறவையின் ஒவ்வொரு இறகும் தெளியும். பிற்பகலில் அங்கே கண் கூசும், அப்போது மேரிஸ் பொயின்ற் நல்லது.

இனி, பிள்ளைகள் கிட்டப் போகலாமா என்ற கேள்வி. வேண்டாம். ஏன் என்பதை அவர்களுக்கு விளக்கிச் சொன்னால் நிச்சயம் கேட்பார்கள்.

நீங்கள் பார்க்கப்போகும் கூட்டத்தில் பெரும்பாலானவை செமிபால்மேற்றட் சாண்ட்பைப்பர் என்ற சிறிய உள்ளான். அலாஸ்காவிலும் வட கனடாவின் துந்திராவிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே போகும் வழியில் இங்கே இறங்குகிறது. வந்திறங்கும்போது எடை 20 கிராம் அளவு, அதாவது மூன்று ஒரு டொலர் நாணயங்கள். சேற்றுக்குள் வளை தோண்டி வாழும் ஒரு சென்ரிமீற்றர் அளவான ஒருவகைச் சேற்று இறாலையும், சேற்றின் மேல் படியும் நுண்பாசிப் படலத்தையும் தின்று, இரண்டு மூன்று வாரத்தில் எடையை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது. கூடுவது அநேகமாக முழுவதும் கொழுப்பு. பிறகு அத்திலாந்திக் கடலுக்கு மேலாக, எங்கும் தங்காமல், சுமார் மூன்று நாள் பறந்து தென் அமெரிக்காவின் வட கரைக்கு, சுரினாம், கயானா பக்கமாகப் போகிறது. 4,000 கிலோமீற்றருக்கும் மேல். நடுக்கடலில் இறங்கி இளைப்பாற அதற்கு வழியில்லை. கடல் பெருகியிருக்கும் நேரத்தில் மேய இடமுமில்லை. அது ஓய்வெடுத்துக் கொழுப்பைக் காக்க வேண்டிய நேரம். ஒரு பிள்ளை கைதட்டி ஓடினால் பல்லாயிரம் பறவைகள் ஒரே தரம் எழும்பும். பார்க்க அழகுதான். ஆனால் அந்த ஒரு எழும்பலுக்கு எரிவது கடலைக் கடக்கச் சேர்த்த எரிபொருள். தென் அமெரிக்கக் கரைகளில் 1980களில் எண்ணப்பட்டதோடு ஒப்பிட்டால் இந்த உள்ளான் இப்போது மிகவும் குறைந்துபோயிருக்கிறது. அதனால் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நாயைக் கொண்டுபோகாதீர்கள், ட்ரோன் பறக்கவிடாதீர்கள், கரையின் மேல்விளிம்புக்குக் கீழே இறங்காதீர்கள்.

அவை பறப்பதைப் பார்க்க நீங்கள் கலைக்கத் தேவையுமில்லை. பெரிய வல்லூறு (பெரிகிரின்) அந்த வேலையைச் செய்யும். அது தலைகாட்டியதும் முழுக் கூட்டமும் ஒன்றாக எழுந்து, ஒரு திரும்பலில் வெள்ளையாகவும் மறு திரும்பலில் பழுப்பாகவும் மின்னும். வல்லூறு அடிக்கடி வரும் நாட்களில் கூட்டம் கரைக்கே வராமல் தண்ணீருக்கு மேல் நெடுநேரம் சுற்றிக்கொண்டிருப்பதும் உண்டு. அப்படியொரு நாளில் அகப்பட்டால் பொறுத்திருங்கள், அல்லது அடுத்த பெருக்குக்கு வாருங்கள்.

சேற்றில் இறங்கக் கூடாது என்பதற்கு உங்கள் பாதுகாப்பும் ஒரு காரணம். இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே நீர்மட்டம் 12 மீற்றர் அளவு ஏறுகிறது, அதுவும் ஆறு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில். சராசரியாக மணிக்கு இரண்டு மீற்றர். முழங்கால்வரை சேற்றில் புதைந்த ஒருவருக்கு அது போதிய அவகாசமல்ல.

8x42 பைனாகுலர் ஒன்று இருந்தால் போதும், பெரிய தொலைநோக்கி தேவையில்லை. முதலில் கால்களைப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். கறுத்த கால், கட்டையான நேரான அலகு என்றால் மேலே சொன்ன உள்ளான். மஞ்சள் கால், மெல்லிய சற்று வளைந்த அலகு என்றால் லீஸ்ற் சாண்ட்பைப்பர். கழுத்தில் ஒரேயொரு கறுப்புப் பட்டியோடு, ஓடி நின்று ஓடி நின்று இரை கொத்துவது ஒருவகை உப்புக்கொத்தி. கூட்டத்தில் சாம்பல் உப்புக்கொத்தியோ கல்திருப்பி உள்ளானோ தென்பட்டால் பெரியவர்களுக்குத் தனி மகிழ்ச்சி. அதே இனங்கள்தாம் மன்னாரிலும் கோடியக்கரையிலும் குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

உங்கள் திகதி மிக நல்ல திகதி. யூலை நடுப்பகுதியிலிருந்து வளர்ந்த பறவைகள் வரத் தொடங்கும், யூலைக் கடைசியும் ஓகஸ்ட் முதல் பாதியும் உச்சம். ஓகஸ்ட் பிற்பகுதியில் அந்த வருடத்துக் குஞ்சுகள் பெற்றோர் துணையின்றித் தாமே வழி கண்டு வந்து சேரும். பயணத்துக்கு முன் வானிலையையும் பாருங்கள். குளிர்காற்று முகப்பு (முன்னேறி வரும் குளிர்ந்த காற்றின் முன்விளிம்பு) கடந்து வடமேற்குக் காற்று வீசத் தொடங்கினால், கொழுத்த பறவைகள் அந்தப் பின்காற்றைப் பிடித்துப் புறப்பட்டுவிடும். அப்படியொரு முன்னறிவிப்பு இருந்தால் அதற்கு முந்திய பெருக்கையே தேர்ந்தெடுங்கள்.