ஏ, பி, சி தெரியும். கை எங்கே போக வேண்டும்?

ஆம்புலன்ஸ் பணிக்குப் பயிற்சி பெறும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்து, இந்த இதழில்.

கேள்வி: ஏ, பி, சி, டி, ஈ வரிசை மனப்பாடமாகத் தெரியும். ஆனால் நோயாளியின் பக்கத்தில் மண்டியிட்டதும் எல்லாம் குழம்பிவிடுகிறது. வரிசை கொஞ்சம் மாறினால் தவறா?

தவறுதான். எது சீக்கிரம் உயிரை எடுக்குமோ அது முதலில் வருகிறது; வரிசையின் பொருள் அவ்வளவே. ஏ மூச்சுப்பாதை, பி சுவாசம், சி ரத்த ஓட்டம், டி நினைவுநிலை, ஈ உடையை விலக்கி உடம்பைப் பார்ப்பது. விதிவிலக்கு ஒன்று உண்டு: பீறிட்டு ஓடும் ரத்தம். அதைக் கண்டால் ஏ-வுக்கும் முன்பே நிறுத்துங்கள். இடம் உங்களுக்குப் பாதுகாப்பானதா, எத்தனை பேருக்கு அடி என்பதை வண்டியிலிருந்து இறங்கும்போதே பார்த்திருக்க வேண்டும்.

அருகில் போனதும் "என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் அந்த நொடியில் பாதை திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் சிக்கல் பி-யில். பதிலே இல்லாமல் குறட்டைச் சத்தம் கேட்டால் நாக்கு பின்னால் சரிந்திருக்கிறது: தலையைச் சாய்த்து மோவாயைத் தூக்குங்கள், கழுத்தில் அடி என்று சந்தேகம் இருந்தால் தாடையை மட்டும் முன்னால் தள்ளுங்கள். கொளகொளவென்ற சத்தம் என்றால் உள்ளே திரவம் நிற்கிறது, அதை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் வேண்டும். குழாயை உள்ளே விடும்போது உறிஞ்சாதீர்கள். வெளியே இழுக்கும்போது மட்டும், ஒரு தடவைக்கு 10 வினாடிக்குள். மூச்சை இழுக்கும்போது கீச்சென்று கேட்டால் மேல்பாதை சுருங்குகிறது. அவர் நினைவோடு இருந்தால் உட்கார்ந்தபடியே இருக்கட்டும், வாய்க்குள் எதையும் விடாதீர்கள்.

நினைவில்லாதவரின் நாக்கு பின்னால் சரியாமல் தாங்கும் வாய்வழிக் குழாயை வாயோரத்திலிருந்து தாடை எலும்பின் கோணம் வரை அளந்து எடுங்கள். சிறியதாக இருந்தால் அதுவே நாக்கைப் பின்னால் தள்ளும். பெரியதாக இருந்தால் குரல்வளை மூடியை அழுத்திப் பாதையை அடைக்கும். குமட்டினால் உடனே எடுத்துவிடுங்கள்.

பயிற்சியில் அதிகம் காணும் பிழை இதுதான்: நோயாளி குறட்டை விட்டுக்கொண்டிருப்பார், ஒருவர் பி.பி. பட்டை சுற்றிக்கொண்டிருப்பார். ஏ-யில் கண்ட கோளாறைச் சரிசெய்யாமல் பி-க்குப் போகக் கூடாது.

கேள்வி: விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 சதவீதம் காட்டியது. இருந்தும் சீனியர் கவலைப்பட்டார். ஏன்?

ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியிருக்கிறதா என்பதைத்தான் அந்தக் கருவி சொல்லும். அதை அங்கே வைத்திருக்க நோயாளி எவ்வளவு பாடுபடுகிறார் என்று சொல்லாது. நிமிடத்துக்கு 34 மூச்சு வாங்கி 98-ல் இருப்பவர், களைத்தால் சட்டென்று சரிவார். விரல் சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் கருவி பிசகும். தீ விபத்துப் புகையில் இருந்தவரிடம் 100 காட்டினாலும் நம்ப வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறியதாகவே படிக்கும்.

ஆகவே மூச்சை எண்ணுங்கள். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பது போல இருந்துகொண்டு மார்பைக் கவனியுங்கள். எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சே மாறிவிடும். 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்கலாம். சீரில்லாமல் இருந்தால் முழு நிமிடம். பெரியவருக்கு 12 முதல் 20 வரை இயல்பு. "16" என்று எண்ணாமலே எழுதும் பழக்கத்தை இப்போதே விடுங்கள்.

மூச்சு மிகக் குறைந்து ஆழமும் இல்லையென்றால் மாஸ்க்கில் ஆக்சிஜன் கொடுத்துப் பயனில்லை, கையால் அமுக்கிக் காற்றை உள்ளே செலுத்தும் அம்பு பேக் வேண்டும். பெரியவருக்கு 6 வினாடிக்கு ஒரு மூச்சு, ஒவ்வொன்றும் 1 வினாடி, மார்பு எழும்பும் அளவு மட்டும். பதற்றத்தில் வேகமாக அமுக்கினால் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தி வரும். மார்புக்குள் அழுத்தம் கூடி இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் இரு கையாலும் மாஸ்க்கைப் பொருத்த, மற்றவர் அமுக்கட்டும்.

கேள்வி: பை வைத்த ஆக்சிஜன் மாஸ்க்குக்கு எவ்வளவு ஓட்டம்? சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்?

நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர். பை நிரம்பிய பிறகே முகத்தில் மாட்டுங்கள். மூச்சிழுக்கும்போது பை முழுதாகச் சுருங்கினால் ஓட்டம் போதவில்லை. சிலிண்டரின் கொள்ளளவை அழுத்தத்தால் பெருக்குங்கள்: 10 லிட்டர் சிலிண்டரில் 150 பார் என்றால் சுமார் 1500 லிட்டர், 15 லிட்டர் ஓட்டத்தில் 100 நிமிடம். அதிலும் கொஞ்சம் கையிருப்பு விட்டே கணக்கிடுங்கள்.

கேள்வி: விபத்தில் அடிபட்ட இளைஞருக்கு பி.பி. 110/70. ஷாக் (உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போகும் நிலை) இல்லை என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். இளம் உடம்பு ரத்தக்குழாய்களைச் சுருக்கி, இதயத்தை வேகப்படுத்தி பி.பி.யைக் கடைசிவரை தாங்கிப் பிடிக்கும். எண் விழும்போது மொத்த ரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போயிருக்கலாம். அதற்கு முன்பே தெரிவது தோலில்: வெளுப்பு, சில்லிப்பு, வியர்வை. பிறகு வேகமான நாடி, காரணமில்லாத பதைப்பு. நகத்தை 5 வினாடி அழுத்தி விடுங்கள். நிறம் திரும்ப 2 வினாடிக்கு மேல் ஆனால் சந்தேகப்படுங்கள், குளிரில் இது பொய்க்கும் என்பதையும் மறக்காமல். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடும் முதியவருக்கு நாடி ஏறாமலே இருக்கலாம். வழக்கமாக 160 இருப்பவருக்கு 110 தாழ்வுதான். பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகவே காட்டும்.

ஒரு எண்ணைவிட எண்கள் போகும் திசை முக்கியம். நிலை மோசமானவருக்கு 5 நிமிடத்துக்கு ஒருமுறை, சீராக இருப்பவருக்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

கேள்வி: வாய் குளறுகிறது, ஒரு கை விழுகிறது. பக்கவாதம் என்று நேராகக் கிளம்பிவிடலாமா?

கிளம்புவதில் தாமதம் வேண்டாம், ஆனால் சுகர் பாருங்கள். தாழ்சர்க்கரை அப்படியே பக்கவாதம் போல வேஷம் போடும், டெசிலிட்டருக்கு 70 மி.கி.க்குக் கீழே இருந்தால் அதற்கு முதலில் சிகிச்சை. விழுங்க முடியாதவருக்கு வாய்வழி எதுவும் கூடாது. வீட்டாரிடம் "எப்போது ஆரம்பித்தது?" என்று மட்டும் கேட்டால் கண்டுபிடித்த நேரத்தைச் சொல்வார்கள். "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்று கேளுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்து தரலாமா என்று மருத்துவர் முடிவு செய்வது அந்த நேரத்தை வைத்துத்தான். அதைக் காகிதத்தில் எழுதுங்கள், ஒப்படைக்கும்போது வாயாலும் சொல்லுங்கள். அவரைக் கடைசியாக நன்றாகப் பார்த்தவரின் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள்.