பச்சிளங்குழந்தை மருத்துவச் சிறப்புப் பயிற்சியில் அப்படி என்னதான் கற்றுத் தருகிறார்கள்?

குழந்தை மருத்துவம் முடித்துவிட்டீர்கள். மூச்சுக்குழாயில் டியூப் போடவும் வென்டிலேட்டர் வைக்கவும் ஓரளவு தெரியும், அதற்கு மேல் பச்சிளங்குழந்தைகளுக்கென்று தனியாக மூன்று வருடம் எதற்கு என்று கேட்கிறீர்கள். அந்தப் பயிற்சியை முடித்து இதே வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கைவேலை முதல் வருடத்திலேயே படிந்துவிடும். மீதிக் காலமெல்லாம், எப்போது கை வைக்கக் கூடாது என்பதைத்தான் படிக்கிறோம்.

பிரசவ அறையையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தை மூச்சு விடவில்லையென்றால், துடைத்து, சூடு குறையாமல் பார்த்து, தலையைச் சரியாக வைத்து, 60 விநாடிக்குள் மாஸ்க் வழியாக மூச்சு கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும். துடிப்பு குறைவாக இருந்தால் புதிதாக வருகிறவர்களுக்கு உடனே நெஞ்சை அழுத்தத்தான் கை போகும். மாஸ்க் முகத்தோடு பொருந்தியிருக்கிறதா, நெஞ்சு எழும்புகிறதா என்று பார்த்துச் சரிசெய்தாலே பெரும்பாலான குழந்தைகளுக்குத் துடிப்பு ஏறிவிடும். அப்புறம் மானிட்டர். நன்றாகப் பிறந்த குழந்தைக்கே முதல் நிமிடத்தில் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 60, 65 சதவீதம்தான் இருக்கும். 90-ஐத் தொடப் பத்து நிமிடம்கூட ஆகலாம். அதைப் பார்த்துப் பதறாமல் நிற்பதற்குப் பழக்கம் வேண்டும்.

இந்தப் பாடத்துக்கு எங்கள் துறை கொடுத்த விலை அதிகம். 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் குறைமாதக் குழந்தைகளுக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தார்கள். விழித்திரை கெட்டு ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வையை இழந்தன. சரி, குறைப்போம் என்று ஒரேயடியாகக் குறைத்தபோது இறப்பு கூடியது. இன்று பல இடங்களில் குறைமாதக் குழந்தைகளின் ரத்த ஆக்சிஜன் அளவை 90 முதல் 95 சதவீதத்துக்குள் வைக்கப் பாடுபடுகிறோமே, அந்தக் குறுகிய இடைவெளிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் மொத்த ரத்தமே 80, 90 மில்லிதான். அதில் 5 மில்லி எடுப்பது, பெரியவர் ஒருவரிடம் கிட்டத்தட்ட 300 மில்லி எடுப்பதற்குச் சமம். எனக்குப் பயிற்சி தந்த பேராசிரியர் ரவுண்ட்ஸில் ஒவ்வொரு டெஸ்டுக்கும், “ரிசல்ட் வந்தால் எதை மாத்தப் போற?” என்று கேட்பார். பதில் இல்லையென்றால் ஊசியை எடுக்க விடமாட்டார்.

அதற்காக எல்லாவற்றிலும் பொறுத்திருக்க முடியாது. பிறக்கும்போது ஆக்சிஜன் கிடைக்காமல் மூளை பாதித்த நிறைமாதக் குழந்தைக்குக் குளிரூட்டும் சிகிச்சையை 6 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். உடல் வெப்பத்தை 33, 34 டிகிரியில் 72 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். அங்கே யோசித்துக்கொண்டு நின்றால் போச்சு. எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பிரித்துப் பார்க்கத்தான் அந்த மூன்று வருடம்.

சேரும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை படுக்கை என்று மட்டும் விசாரிக்காதீர்கள். இரவில் சீனியர் கூட இருப்பாரா, பெற்றோரிடம் கெட்ட செய்தி சொல்லும்போது உங்களையும் பக்கத்தில் உட்கார வைப்பார்களா என்று கேளுங்கள். வீட்டுக்குப் போன குழந்தைகளை இரண்டு வயது வரையாவது அழைத்துப் பார்க்கும் கிளினிக் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். நடக்கிறதா, பேசுகிறதா, கண் தெரிகிறதா, காது கேட்கிறதா என்று அங்கேதான் தெரியும். அது இல்லாத இடமென்றால், எவ்வளவு பெயர் பெற்ற மருத்துவமனையாக இருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.